திருநெல்வேலியிலிருந்து நவி மும்பைக்குக் குடும்பத்தோடு காரில் குடிபோகிறோம்: வழி, வீடு, பள்ளி பற்றி யோசனை சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். இதே வேலை, கொஞ்சம் பெரிய பொறுப்போடு நவி மும்பையில் கிடைத்திருக்கிறது. அலுவலகம் பேலாப்பூரில். அவ்வப்போது நவ ஷேவா துறைமுகத்துக்கும் போய்வர வேண்டும். மே மாதம் கிளம்புகிறோம். நான், மனைவி, நாலாம் வகுப்பு முடிக்கும் மகள், எழுபதைத் தொடப்போகும் என் அம்மா.

பாளையங்கோட்டையிலிருந்து சுமார் 1,600 கி.மீ. காரிலேயே போய்விடலாம் என்று இருக்கிறோம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர், காரை விற்றுவிட்டு ரயிலேறு என்கிறார்கள். வண்டி வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது, கடனும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆனாலும் "காரில்தான் வருவேன், போகிற வழியில் கோலாப்பூர் மகாலட்சுமியைக் கும்பிட்டுவிடுவேன்" என்று முதலில் சொன்னது அவர்தான். அப்பா இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்த ஆசை.

நாங்கள் யாரும் இதுவரை ஜில்லாவைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. எந்த வழி நல்லது, எங்கெங்கே தங்கலாம், வீட்டை இங்கிருந்தே பேசி முடிக்கலாமா, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என எல்லாமே கேள்வியாக இருக்கிறது. அந்தப் பக்கம் வாழ்கிறவர்களும் அந்த ரோட்டில் ஓட்டியவர்களும் சொல்லுங்கள்.

நாமக்கல் லாரி

தம்பி, சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வெகுகாலம் இந்த ரோட்டில் ஓடினவன் நான். வழியில் குழப்பமே இல்லை. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அங்கிருந்து பெங்களூர். அதுவரை 44ஆம் நம்பர் ரோடு. அப்புறம் 48ஐப் பிடித்தால் துமகூரு, சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே என்று அதுவே கொண்டுபோய் விட்டுவிடும்.

அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இரவில் ஓட்டாதீர்கள். முதல் நாள் விடியுமுன் கிளம்பி ஓசூரில் தங்குங்கள். அதைத் தாண்டிப் போகலாம் என்று ஆசை வரும், போகாதீர்கள். சாயங்காலப் பெங்களூரில் மாட்டினால் அன்றைய தெம்பெல்லாம் அங்கேயே போய்விடும். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து நைஸ் ரோட்டைப் பிடித்தால் ஊருக்குள் போகாமலே துமகூரு ரோட்டில் ஏறிவிடலாம். துமகூருக்கு முன்னால் கியாதசந்திராவில் தட்டு இட்லி பேர் போனது. அம்மாவுக்கு அந்த வேளைக்குச் சாப்பாடும் ஆச்சு, கால் நீட்டினமாதிரியும் ஆச்சு. அன்று ராத்திரி தார்வாடில் படுங்கள். ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே உள்ள பைபாஸ் வெகுகாலம் ஒற்றை ரோடாகக் கிடந்து நிறையப் பேரைப் பலி வாங்கியிருக்கிறது. அகலப்படுத்தும் வேலை எடுத்துக்கொண்ட இடம், அதை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் கோலாப்பூர். இருநூறு கிலோமீட்டர்கூட வராது. மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, படுத்தெழுந்து, சாயங்காலம் கோயில். நாலாம் நாள் அதிகாலை கிளம்பினால் வெளிச்சத்தில் பேலாப்பூர்.

இனி பயப்பட வேண்டிய இடங்கள். சேலம் தாண்டித் தொப்பூர் மலையில் நீங்கள் ஏறுகிறீர்கள், எதிர்ப்பக்கம்தான் இறக்கம். ஆனால் ஏற்றத்தில் லோடு வண்டி மூச்சு வாங்கும்போது இடதுபக்கம் புகுந்து முந்தாதீர்கள், கண்ணாடியில் நீங்கள் அவனுக்குத் தெரியமாட்டீர்கள். சதாரா தாண்டி கம்பட்கி குகை வரும். அது புனே பக்கம் போகிறவர்களுக்கான பாதை. குகைக்குள் ரோடு நேராக இருக்கிறதே என்று வேகம் வைத்தால், வெளியே வந்ததும் பாம்பு மாதிரி ஒரு வளைவு. அதற்கப்புறம் காத்ரஜ் புதுக் குகையிலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் போய், முன்னால் நின்ற கார்களை நசுக்கிய லாரிகள் அங்கே ஏராளம். நீங்கள் மூன்றாம் கியரிலேயே இறங்குங்கள். பின்னால் லோடு வண்டி வந்தால் அதற்கு வழி விட்டுவிட்டு ஒதுங்குங்கள். முன்னால் நிற்கிற கூட்டத்துக்கும் உங்களுக்கும் நடுவே எப்போதும் இடம் இருக்கட்டும்.

கொங்கண்காற்று

கேரளா வழியாக 66ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மங்களூர், கோவா என்று போனால் கடலோரமாக அழகாக இருக்குமே? ஒருமுறைதானே இப்படிப் போகப்போகிறார்கள்.

நாமக்கல் லாரி

அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேரளாவில் ஊருக்கு ஊர் நிற்க வேண்டும், கோவா தாண்டினால் மும்பை வரை அந்த ரோட்டு வேலை வருஷக்கணக்காக இழுக்கிறது. வயதானவரை வைத்துக்கொண்டு, வேலையில் சேரத் தேதி குறித்துக்கொண்டு போகிற பயணத்துக்கு அது ஆகாது. அங்கே குடியேறினபின் மழை முடிந்ததும் கோவா போய்க்கொள்ளட்டும்.

கணக்குப்புலி

நான் காரை விற்கச் சொல்லும் கட்சி. காரணம் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. அதற்குத் திருநெல்வேலி ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும், கடன் இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். மகாராஷ்டிராவில் மறுபடி சாலை வரி. இங்கே ஏற்கெனவே ஆயுளுக்கும் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சல். அதோடு பெட்ரோல், டோல், மூன்று ராத்திரி லாட்ஜ். நாகர்கோவில் மும்பை எக்ஸ்பிரஸில் நாலு பேர் போகிற செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நெருல்வாசி

கணக்குப்புலி சொன்ன விதிகள் எல்லாம் சரி, முடிவோடுதான் எனக்கு ஒப்புதல் இல்லை. தாதரிலோ தாராவியிலோ குடியிருக்கப் போகிறவர் என்றால் நானே விற்கச் சொல்வேன். பேலாப்பூரில் வேலை என்றால் வீடு நெருல், சீவுட்ஸ், கார்கர் பக்கம்தான் அமையும். இது 1970இல் தொடங்கிய சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசின் நகரமைப்பு நிறுவனம் கோடு போட்டுக் கட்டிய ஊர். செக்டர் செக்டராக அகலமான ரோடு, பல கட்டடங்களில் வண்டி நிறுத்த இடமும் உண்டு. நெருலிலிருந்து துறைமுகப் பக்கத்து உரண் வரை 2024 ஜனவரியிலிருந்து லோக்கல் ரயில் ஓடுகிறது, ஆனால் துறைமுகக் கேட்டுக்குப் போகிற வேலைக்குச் சொந்த வண்டி கையில் இருப்பது பெரிய உதவி. முழங்கால் வலிக்காரரை லோக்கல் ரயிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். வண்டி இருக்கட்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. வீடு பார்க்காமல் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள் தம்பி. ரோடு நாலு நாளில் முடிந்துவிடும். பூட்டைத் திறக்க ஒரு சாவி இல்லாமல் அம்மாவையும் பிள்ளையையும் லாட்ஜில் வைத்துக்கொண்டு புரோக்கர் பின்னால் அலைவது இருக்கிறதே, அதில்தான் பல குடும்பங்களுக்கு இந்த ஊரே கசந்துபோகிறது. ஏப்ரலில் நீங்கள் மட்டும் ரயிலில் வாருங்கள். சனி ஞாயிறு சேர்த்து ஐந்தாறு நாள் போதும்.

இங்கே வாடகைக்கு எடுப்பதை லீவ் அண்ட் லைசென்ஸ் என்பார்கள். பெரும்பாலும் 11 மாதத்துக்கு. நம் ஊர் மாதிரி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வதோடு முடியாது. 11 மாதமே ஆனாலும் பதிவு செய்தாக வேண்டும், 1999ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஏஜென்ட் லேப்டாப்பும் கைரேகைக் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து முடித்துத் தருவார். அந்தப் பதிவுப் பத்திரம்தான் உங்களுக்கு எல்லாவற்றுக்கும் சாவி. கேஸ், ஆதார் முகவரி, பள்ளி, வண்டி மறுபதிவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

மே மாதத்தில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். ஜன்னலுக்குக் கீழேயும் சீலிங் மூலையிலும் உற்றுப் பாருங்கள். சுவர் பழசாக இருந்து அங்கே மட்டும் திட்டாகப் புதுப் பெயின்ட் தெரிந்தால் ஜூலை மழையில் அந்த இடம் ஊறும். கட்டில் போடுகிற சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள், சுண்ணாம்பு உதிர்ந்தாலும் அதே கதைதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி வீட்டைத் தவிருங்கள். லிஃப்ட் இல்லாத பழைய சிட்கோ கட்டடத்தில் வாடகை குறையும், ஆனால் அம்மாவுக்காக லிஃப்ட் உள்ளதையே பாருங்கள். இந்த மாநகராட்சிக்கு மொர்பே அணை சொந்தம், அதனால் நெருலில் தண்ணீர்க் கஷ்டம் குறைவு. கார்கர் பக்கம் போனால் தண்ணீர் எப்படி வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செம்பூர்த் தாத்தா

இந்த இழையைப் படிக்கையில் என் தகப்பனார் ஞாபகம். அவர் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் அங்கே இருந்த காலம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் வந்தோம். வருகிறவன் நேரே ஊர்க்காரர் அறைக்குப் போவான். பாய் விரிக்க இடம், காலையில் வேலை கேட்கக் கூட வர ஓர் ஆள், இரண்டும் அங்கே இருக்கும். பிள்ளைகள் படித்து மேலே வந்தபின் சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று பரவினோம்.

1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே கிளர்ச்சி நடந்தபோது நான் சிறு பையன். கடைப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு தகப்பனார் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆனால் அன்று எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவரும் ஒரு மராத்தி அம்மாதான். ஆகவே தம்பி, பயமும் வேண்டாம், ஒதுங்கியும் வாழ வேண்டாம். முதல் மாதத்திலேயே மராத்தி பேச ஆரம்பியுங்கள். தப்பாகப் பேசினாலும் காய்கறிக்கார அம்மா சந்தோஷமாகத் திருத்துவார்.

உங்கள் அம்மா தனிமைப்படாமல் இருக்க வழி இருக்கிறது. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் நெருலிலிருந்து காரில் எட்டிவிடும் தூரம். சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கும். நவி மும்பையிலிருந்து வாஷி பாலம் வழியாக மும்பைக்குள் போனால், 2024 அக்டோபரிலிருந்து கார்களுக்கு நுழைவு டோல் இல்லை.

வள்ளியூர் டீச்சர்

பள்ளி விஷயத்தை யாரும் தொடவில்லை. என் அண்ணன் குடும்பம் அங்கே இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிபிஎஸ்இ பள்ளி என்றால் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும், மாநிலப் பாடத்திட்டம் என்றால் ஜூன் நடுவில். நீங்கள் மே மாதம் போவதால் இரண்டுக்கும் இப்போதே பேசி வையுங்கள். மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்று சில பள்ளிகள் கேட்கும். அங்கே போனபின் அதற்காகத் திரும்பி வர முடியாது, கிளம்புமுன் வாங்கிவிடுங்கள்.

2020இல் வந்த சட்டப்படி அங்கே எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் மராத்தி உண்டு. ஐந்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை மற்றவர்களைவிட நாலு வருஷம் பின்னால் நிற்பாள். எழுத்து தேவநாகரி, இந்திக்கும் அதேதான். இந்த இரண்டு மாதம் தினமும் அரைமணி நேரம் எழுத்தை மட்டும் பழக்கிவிடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்டால் வகுப்பில் தலை குனிந்து உட்கார மாட்டாள்.

இன்னொன்று. அம்மாவைக் காரில் கூட்டிப்போவது எனக்குச் சம்மதமில்லை. மே வெயிலில் நாலு நாள் உட்கார்ந்தே வருவது முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நல்லதில்லை. நீங்கள் போய் வீட்டை ஒழுங்குபண்ணுங்கள், பிறகு திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் வரட்டும். வந்து இறங்கும்போது அவருடைய கட்டிலும் அடுப்பும் தயாராக இருக்கும்.

தாமிரபரணிக்கரை

டீச்சர், இதையேதான் என் மனைவியும் சொன்னாள். அம்மாவிடம் பேசினோம். "எல்லாரும் போனபின் காலி வீட்டில் பதினைந்து நாள் நான் மட்டும் உட்கார்ந்திருக்கணுமா" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விட வேண்டும், சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது, மாத்திரையும் குளுக்கோஸும் முன் சீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். இன்சுலின் இல்லை, மாத்திரைதான்.

நெருல் அக்கா சொன்னபடி ஏப்ரலில் நான் மட்டும் போய்வருகிறேன். சாமான்களை எப்படி அனுப்புவது?

குமரிமுனை

சாமான் அனுப்புவதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். போனில் ஒரு தொகை பேசிய கம்பெனி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றியபின் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு இன்னும் கொடுத்தால்தான் வண்டி நகரும் என்றார்கள். கொடுத்தோம், வேறு வழியில்லை. பிறகுதான் தெரிந்தது, ஏற்றியது ஒருவர், ஓட்டியது வேறொருவர், நடுவில் சரக்கைக் கைமாற்றியிருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்து எழுத்தில் விலை தருகிறவரிடம் மட்டும் பேசுங்கள். லாரி நம்பர், டிரைவர் நம்பர், சாமான் பட்டியலில் இரு தரப்புக் கையெழுத்து மூன்றும் வேண்டும். பாதிப் பணத்துக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள். இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி சீட்டு) போடணும் என்று சொல்லித் தனிக்காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை.

நகை, பத்திரம், சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் உங்களோடு காரில். கேஸ் சிலிண்டரை லாரியிலும் ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருல்வாசி

குழாய் கேஸ் உள்ள கட்டடமாக இருந்தால் சிலிண்டரே தேவைப்படாது, வீடு பார்க்கும்போது அதையும் கேளுங்கள். சாமான் இறக்குகிற தேதியைச் சொசைட்டி (கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம்) செயலாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கேட்டில் லாரியை நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சில இடங்களில் இறக்கவே விடமாட்டார்கள்.

கணக்குப்புலி

சரி, காரில்தான் என்று முடிவானால் டோலுக்கு ஒரு யோசனை. தனியார் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருஷ பாஸ் இருக்கிறது. தொடங்கியபோது விலை 3,000 ரூபாய், 200 முறை அல்லது ஒரு வருஷம். இந்த வழியில் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட் வரிசையாக வருவதால் போகும்போதே நல்ல மிச்சம், ஊருக்கு வந்துபோனால் போட்ட பணம் எடுத்துவிடும். நைஸ் ரோட்டிலும் மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் பாஸ் செல்லாது, அதற்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் காருக்குச் சமதரையில் 100, மலைப்பகுதியில் 60தான் வேகம். கேமரா இருக்கிறது, 65 என்றாலும் அபராதம் வீடு தேடி வரும்.

என்ஓசியைக் கிளம்புமுன் வாங்கிவிடுவதே நல்லது, வங்கிக் கடிதத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

தாமிரபரணிக்கரை

வந்து சேர்ந்துவிட்டோம்! நெருலில் இரண்டாம் மாடி, லிஃப்ட் இருக்கிறது, பதிவும் முடிந்தது. ஏப்ரலில் பார்த்த வீடுகளில் இரண்டை, ஜன்னலடியில் திட்டுப் பெயின்ட் இருந்ததால் விட்டுவிட்டேன். அக்காவுக்கு நன்றி.

முதல் நாள் மூன்று மணிக்கெல்லாம் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். டேபிள் டாப் கிரைண்டரின் கல்லை லாரிக்காரரிடம் கொடுக்க மனைவி சம்மதிக்கவில்லை. பழைய சேலையில் சுற்றிப் பின் சீட்டுக்குக் கீழே வைத்தாள். அதுவே அம்மாவுக்குக் கால் வைக்கும் முக்காலியாகிவிட்டது, முழங்கால் தொங்காமல் வந்ததால் வீக்கமே இல்லை. பெங்களூரை நாமக்கல் அண்ணாச்சி சொன்ன நேரத்தில் கடந்தோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சித்ரதுர்கா காற்றாலைகளை மகள் எண்ண ஆரம்பித்து, எண்ணி முடியாமல் தூங்கிவிட்டாள்.

கோலாப்பூரில் கூட்டம் அதிகம். பெரியவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்று கேட்டு விசாரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வரிசையிலேயே நின்றுவிட்டார். வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், "ஆச்சிக்கு இனி எந்த ஊரானாலும் சரிதான்" என்றார்.

கம்பட்கி குகை தாண்டிய வளைவில் எங்களுக்கு முன்னால் போன கார் தடுமாறியதைப் பார்த்தேன். அண்ணாச்சி எழுதாவிட்டால் நானும் அதே வேகத்தில்தான் போயிருப்பேன். நவலே இறக்கத்தில் மூன்றாம் கியரை விட்டு மாற்றவே இல்லை. லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தது, சாமானில் ஒரு அலமாரிக் கண்ணாடி தவிரச் சேதமில்லை. மகளுக்குப் பள்ளி கிடைத்துவிட்டது. மராத்திக்குக் கீழ்வீட்டு அம்மா தினமும் சொல்லிக்கொடுக்கிறார், பதிலுக்கு என் அம்மாவிடம் இட்லி மாவுப் பக்குவம் கேட்டுப்போகிறார்.

பழையாற்றங்கரை

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் பன்வேலில் வேலை. ஜூலையில்தான் சேரச் சொல்கிறார்கள், ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது. கொட்டுகிற மழையில் இந்த வழி சரிப்படுமா?

நெருல்வாசி

ஒரு வயதுக் குழந்தை என்றால் மனைவியும் குழந்தையும் விமானத்திலோ ரயிலிலோ வரட்டும் தம்பி. நீங்கள் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வண்டியைக் கொண்டுவாருங்கள். வீடு பார்க்க வரும்போது எழுதுங்கள், என் வீட்டுக்காரரும் கூட வருவார்.

நாமக்கல் லாரி

ஜூலை என்றால் பெல்காமிலிருந்தே மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதத்தில் கோலாப்பூர்ப் பக்கம் பஞ்சகங்கா ஆற்றில் வெள்ளம் வந்து ரோடு அடைபட்ட வருஷங்களும் உண்டு, அதனால் தங்க ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். டயரும் வைப்பர் ரப்பரும் புதுசாக இருக்கட்டும். கண்டாலா மலையில் பகலிலேயே மூடுபனி இறங்கும். அப்போது ஹைபீம் போடக்கூடாது, பனியில் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், பின்னால் வருகிறவன் வண்டி நிற்கிறது என்று நினைத்து விலகப் பார்ப்பான். அருவியைப் பார்க்க ஓரத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். என் மகன் இப்போது அந்த ரோட்டில்தான் ஓடுகிறான். கிளம்புகிற தேதியை இங்கே எழுதிவிடுங்கள், முந்தின நாள் அவனிடம் நிலவரம் கேட்டுச் சொல்கிறேன்.